டெஸ்க்டொப்பில் புரொசஸரைக் கழற்றி மாட்டும் காலம் முடிகிறதா?

கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இனி வரப்போகும் டெஸ்க்டொப்களில் புரொசஸரை மதர்போர்டோடு சேர்த்தே ஒட்டிவிடுவார்களாம். நாங்கள் கழற்றி மாற்ற ஏலாதாம். அப்படியென்றால் இப்போது காசு சேர்த்து ஒரு பிசி கட்டுவது வீண் வேலையா? பேசாமல் ஒரு மினி பிசி வாங்கிவிடட்டுமா?"

திருகோணமலை நகரில் கொம்பியூட்டர் திருத்துவதுதான் என் தொழில். இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலரும் கேட்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். முதலில் நேர் பதில். போர்டில் புரொசஸரைக் கழற்றி மாட்டும் இடமான சொக்கெட் நாளைக்கே இல்லாமல் போகாது. ஆனால் அது புழங்கும் இடம் வருடா வருடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. உங்களுக்கு நான் சொல்வது, சொக்கெட் உள்ள போர்டையே வாங்குங்கள். பிறகு பெரிய புரொசஸர் போடலாம் என்பதற்காக அல்ல. போர்ட் செத்தாலும் புரொசஸர் பிழைக்கும் என்பதற்காக.

இந்தப் பயம் புதிது இல்லை. 2012 நவம்பரில் இன்டெல்லின் பிராட்வெல் என்ற ஐந்தாம் தலைமுறைப் புரொசஸர் வரிசை முழுவதும் போர்டில் ஒட்டியபடிதான் வரும், டெஸ்க்டொப்புக்குச் சொக்கெட்டே இருக்காது என்று ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. தாங்கள் சொக்கெட்டைக் கைவிடப் போவதில்லை என்று போட்டிக் கொம்பனியான ஏஎம்டி சொன்னது. இன்டெல்லும் அதே உறுதியைத் தரவேண்டி வந்தது. 2015இல் பிராட்வெல் டெஸ்க்டொப்புக்கு வந்தபோது ஐ7-5775சி, ஐ5-5675சி என்ற இரண்டும் வழக்கமான எல்ஜிஏ1150 சொக்கெட்டில்தான் கடைக்கு வந்தன. அதே வருடம் அடுத்த தலைமுறை எல்ஜிஏ1151இல் வந்தது. டெஸ்க்டொப்பைப் பொறுத்தவரை செய்தி பொய்த்தது. லப்டொப்பில் மட்டும் அது அப்படியே நடந்தது. நான்காம் தலைமுறை வரை சில லப்டொப்களில் ஒரு ஸ்குரூவைத் திருப்பினால் புரொசஸர் கையோடு வரும். ஐ3ஐக் கழற்றி ஐ5 போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஐந்தாம் தலைமுறையோடு அது முற்றாக நின்றுபோனது. அதற்காக யாரும் பெரிதாகச் சத்தம் போடவில்லை. லப்டொப் மெல்லிசாக வந்தது, சனத்துக்கு அது போதுமாக இருந்தது.

டெஸ்க்டொப்புக்கும் இப்போது ஏன் அந்தப் பேச்சு வருகிறது? கொம்பனிகளின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பெரிய காரணம் ராம் என்ற நினைவகம்.

முன்பு ராமோடு கதைக்கும் வேலையைப் போர்டில் இருந்த ஒரு தனிச் சிப் பார்த்தது. 2003இல் ஏஎம்டி தன் அத்லோன் 64இல் அந்த வேலையைப் புரொசஸருக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்டெல் 2008இல் அதையே செய்தது. அதிலிருந்து ராம் மாறினால் பெரும்பாலும் சொக்கெட்டும் மாறவேண்டும் என்றாகிவிட்டது. அப்புறம் புரொசஸருக்குள் கிராபிக்ஸ் வந்தது, இப்போது செயற்கை நுண்ணறிவு வேலைகளும் வந்திருக்கின்றன. இவற்றுக்கு ராமிலிருந்து தரவு வெள்ளமாக வரவேண்டும். சாதாரண டெஸ்க்டொப்பில் டிடிஆர்5-6000 ராம் இரண்டு போட்டால் செக்கனுக்கு 96 ஜிபி வரை வரும். ஆப்பிளின் எம்2 அல்ட்ரா சிப்பில் அது 800 ஜிபி. அந்த வேகத்துக்காக ராமைப் புரொசஸரோடு ஒரே பொதியில் வைத்துவிட்டார்கள். 2019இல் வந்த மெக் ப்ரோவில் சொக்கெட்டில் இருந்த சியோன் புரொசஸரும் 12 ராம் ஸ்லொட்டும் இருந்தன. 2023இல் வந்த மெக் ப்ரோ பார்வைக்கு அதே பெரிய பெட்டிதான், ஆனால் புரொசஸரையும் மாற்ற ஏலாது, ராமையும் கூட்ட ஏலாது.

ஆப்பிள் என்றால் அப்படித்தான் என்று நினைப்பீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது ஃபிரேம்வேர்க் கொம்பனியின் கதை. திருத்தக்கூடிய லப்டொப் செய்வதற்காகவே பெயர் எடுத்தவர்கள் அவர்கள். 2025இல் ஏஎம்டியின் ரைசன் ஏஐ மெக்ஸ் புரொசஸரைப் போட்டு ஒரு டெஸ்க்டொப் கொண்டுவந்தார்கள். அதில் புரொசஸரும் ராமும் போர்டில் ஒட்டியபடி இருக்கின்றன. ராமைக் கழற்றக்கூடியதாகச் செய்ய ஏஎம்டியோடு சேர்ந்து முயன்றதாகவும், அந்த வேகத்தில் சிக்னல் தாக்குப்பிடிக்கவில்லை என்றும் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அதன் வேகம் செக்கனுக்கு 256 ஜிபி. திருத்துவதையே கொள்கையாக வைத்திருப்பவர்களுக்கே அது முடியவில்லை என்றால் பிரச்சினை உண்மையானதுதான்.

சொக்கெட்டில் அகலமான ராம் பாதை கொடுக்கவே முடியாது என்பதும் இல்லை. பெரிய வேலைகளுக்கான ஏஎம்டியின் திரெட்ரிப்பர் புரொசஸர் அப்படித்தான் வருகிறது. ஆனால் அந்தச் சொக்கெட்டில் 4844 தொடுமுனைகள், ஏஎம்டியின் சாதாரண டெஸ்க்டொப் சொக்கெட்டான ஏஎம்5இல் 1718. போர்டின் விலையைக் கேட்டால் எங்கள் ஊரில் ஒரு முழுப் பிசியே கட்டிவிடலாம். மலிவாகச் செய்ய முடியவில்லை என்பதுதான் சரியான பேச்சு. ஆகவே மேல்மட்டத்தில் ராமோடு ஒட்டியவை ஒரு பக்கம் கூடும். கீழ்மட்டத்தில் மினி பிசிகளில் வரும் இன்டெல்லின் என்100 போன்ற சின்னப் புரொசஸர்கள் செலவைக் குறைப்பதற்காக ஏற்கனவே ஒட்டித்தான் வருகின்றன. நடுவில் விளையாட்டு, வீடியோ எடிட்டிங், அலுவலக டவர் என்று இருக்கும் பகுதியில் சொக்கெட் இன்னும் பல வருடம் நிற்கும் என்பது என் கணிப்பு. ஏஎம்5ஐக் குறைந்தது 2027 வரை கொண்டுபோவோம் என்று ஏஎம்டி அறிவித்தும் இருக்கிறது. போர்ட் செய்யும் கொம்பனிகளுக்கும் இதில் லாபம் உண்டு. ஐந்து போர்ட் மொடலும் பத்துப் புரொசஸரும் இருந்தால், சொக்கெட்டோடு பதினைந்து சாமான் வைத்தால் போதும். ஒட்டிக் கொடுப்பதென்றால் ஐம்பது விதம் வைக்கவேண்டும்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம்.

சொக்கெட்டை ஆதரிப்பவர்கள் எப்போதும் அப்கிரேட் பற்றித்தான் கதைக்கிறார்கள். நான் பார்த்த அளவில் போர்டை அப்படியே வைத்துப் புரொசஸரை மட்டும் மாற்றுபவர்கள் மிகக் குறைவு. ஐந்தாறு வருடம் பாவித்துவிட்டு மாற்ற வரும்போது புதுப் புரொசஸருக்குச் சொக்கெட் வேறு, ராம் வேறு. ஆனால் போர்ட் பழுதாகி வருபவர்கள் வாரத்துக்கு வாரம் வருகிறார்கள். புரொசஸர் தானாகச் சாவது அபூர்வம், போர்ட் சாவது சாதாரணம். கரண்ட் ஏறி இறங்கும், கப்பாசிட்டர் வீங்கும், கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரக் கடைகளிலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால் ஃபேன் இழுத்த தூசியே ஈரமாக ஒட்டும். ராமின் தொடுமுனையை றப்பரால் அழித்து மாட்டினாலே பாதிப் பெட்டிகள் உயிர் பெற்றுவிடும். மிச்சத்தில் போர்டின் செப்புப் பாதையே பச்சை பிடித்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் தொடங்கினால் எங்களுக்கு வேலை கூடிவிடும். மூதூரிலிருந்து ஒரு கொம்யூனிகேஷன் கடைக்காரர் கொண்டுவந்த பெட்டியைச் சொல்கிறேன். மின்னல் ரவுட்டர் வழியாக நெட்வேர்க் வயரில் ஏறி வந்திருந்தது. போர்டில் நெட்வேர்க் சிப்பின் மேலே ஒரு சின்ன ஓட்டை, சுற்றிக் கறுப்பு, கிட்டப் போனால் கருகிய மணம். பவர் பட்டனை அமத்தினால் ஃபேன் ஒரு தரம் துடித்துவிட்டு நிற்கும். கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்ததைத் துடைத்து, சொக்கெட்டின் நெம்புகோலை விட்டு மூடியைத் தூக்கினால் நான்காம் தலைமுறை ஐ5. அடிப்பக்கத் தங்கப் புள்ளிகளை ஸ்பிரிட்டால் துடைத்து, லென்சில் பார்த்து, கடையில் சோதனைக்கு வைத்திருக்கும் போர்டில் போட்டோம். திரை வந்தது. ராமும் நல்லது, எஸ்எஸ்டியும் நல்லது. செத்தது போர்ட் மட்டும்தான்.

கொழும்புக்கு ஒரு கோல், அடுத்த நாள் பஸ்ஸில் பார்சலாக அந்தத் தலைமுறைக்குப் பொருந்தும் ஒரு எச்81 போர்ட் வந்தது. அந்தப் புரொசஸர் 2013 காலத்துச் சாமான், ஆனால் அதற்கான போர்டை இன்றைக்கும் சீனாவில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஏன் செய்கிறார்கள்? உலகம் முழுவதும் சாகாத புரொசஸர்கள் கிடக்கின்றன, அவற்றுக்கு வீடு வேண்டும். சொக்கெட் என்ற ஒன்று இல்லாவிட்டால் இந்த வியாபாரமே இல்லை. மீன்பிடிக்கிறவர்களுக்கு இது தெரிந்த விசயம்: படகு உடைந்தால் எஞ்சினைக் கழற்றி அடுத்த படகில் போடுவார்கள். எஞ்சினைப் படகோடு சேர்த்து வார்த்துக் கொடுத்தால் யார் வாங்குவார்?

அதே மின்னல் ஒரு ஒட்டிய போர்டில் விழுந்திருந்தால்? போர்டோடு புரொசஸர் போச்சு. ராமும் ஒட்டியிருந்தால் அதுவும் போச்சு. "ஒட்டியதையும் கழற்றலாமே அண்ணா, யூடியூபில் செய்கிறார்களே" என்பார்கள். செய்யலாம். ஒட்டிய புரொசஸரின் அடியில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல், குண்டூசித் தலையைவிடச் சிறிய ஈயமில்லாத சோல்டர் உருண்டைகள் இருக்கின்றன. அவை உருக 217 பாகை செல்சியஸ் தாண்டவேண்டும். மேலிருந்து மட்டும் சூடு காட்டினால் போர்ட் வளைந்துவிடும், அடியிலிருந்தும் சூடேற்றவேண்டும். கழற்றிய பிறகு பழைய சோல்டரை வழித்து, ஸ்டென்சில் வைத்துப் புது உருண்டைகளை அடுக்கி, திரும்ப அதே சூட்டுக் கணக்கில் இறக்கவேண்டும். அதற்கான மெசின் எல்லாக் கடையிலும் இருக்காது, கைப்பழக்கம் உள்ளவர் இன்னும் குறைவு. இவ்வளவும் செய்து முடித்தாலும் போடுவதற்குப் புதுப் புரொசஸரை எங்கே வாங்குவது? ஒட்டும் புரொசஸரை எந்தக் கொம்பனியும் பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்புவதில்லை. பெரும்பாலும் வேறொரு செத்த போர்டிலிருந்து உரித்ததுதான் கிடைக்கும்.

புரொசஸரே பழுதாகும் சந்தர்ப்பமும் உண்டு. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசஸர்களில் தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி நாளடைவில் நிலைகுலையும் பிரச்சினை 2024இல் வெளிவந்தது. இன்டெல் மைக்ரோகோட் என்ற, புரொசஸரின் உள் மென்பொருளுக்குத் திருத்தம் கொடுத்து, உத்தரவாதத்தையும் 3 வருடத்திலிருந்து 5 வருடமாக்கியது. பாதிக்கப்பட்டவர்கள் புரொசஸரை மட்டும் கழற்றிக் கொடுத்து வேறு வாங்கினார்கள். அது ஒட்டிய சாமானாக இருந்திருந்தால் முழுப் போர்டையும் அனுப்பவேண்டி வந்திருக்கும். இங்கே இருந்து அனுப்பிக் காத்திருக்கும் நாட்களை நீங்களே யோசியுங்கள்.

ஆனால் சொக்கெட் இருந்தால் மட்டும் எல்லாம் சரி என்று நினைக்கவேண்டாம். 2017இல் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை வந்தபோது சொக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151, முனைகளும் அதே 1151. ஏழாம் தலைமுறைப் போர்டில் போட்டால் வேலை செய்யாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது, விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். ஒரு சிலவற்றைத் தவிர ஏழாம் தலைமுறைக்கு அதில் இடமில்லை. சொக்கெட் பொருந்துகிறது, ஆனால் மாற்ற வழியில்லை. அதே 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் போர்ட் வாங்கியவரைப் பாருங்கள். முதல் தலைமுறை ரைசனும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லைதான். ஆனால் பல பழைய போர்ட்களுக்கு 2022இல் பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் வந்ததால் அதே போர்டில் ரைசன் 5000 வரிசை போட்டு இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். கொம்பனி மனம் வைத்தால் சொக்கெட் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது பலருக்குத் தெரியாது. பிராண்ட் பெட்டிகளில் வரும் சில ரைசன் ப்ரோ புரொசஸர்கள், பாதுகாப்பு வசதி என்ற பெயரில் அந்தக் கொம்பனியின் போர்டோடு நிரந்தரமாகப் பூட்டப்படுகின்றன. சிப்புக்குள் இருக்கும் ஃபியூஸ் எரிக்கப்பட்டுவிடும், திரும்ப மாற்ற ஏலாது. வேறு கொம்பனிப் போர்டில் போட்டால் திரை வராது. செகண்ட் ஹான்டில் தனிப் புரொசஸர் வாங்குபவர்கள் ஒரு சாதாரண போர்டில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் காசைக் கொடுக்கவேண்டும். கண்ணுக்குச் சொக்கெட் தெரிந்தாலும் உள்ளே ஒட்டியதற்குச் சமம். உண்மையில் சோல்டரைவிட இதற்குத்தான் நான் கூடப் பயப்படுகிறேன், வெளியே பார்த்தால் தெரியாது என்பதால்.

மினி பிசியை நான் வெறுக்கவில்லை. ஒரு பலசரக்குக் கடைக்கு பில் போட, ஒரு கிளினிக்கில் பதிவு எழுத என்100 மினி பிசி நல்ல சாமான். புரொசஸரின் மின்தேவை 6 வாட் மட்டம், 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் போனது போல் மறுபடி போனாலும் ஒரு சின்ன பட்டரியில் சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும். ஃபேன் இல்லாத மொடல் என்றால் கடலோரத்துக்கு இன்னும் நல்லது, உப்புக்காற்றை உள்ளே இழுக்காது. அதன் விலைக்கு அது செத்தால் வேறு வாங்குவதே கணக்கு. வாங்கும்போது ராமும் எஸ்எஸ்டியும் ஸ்லொட்டில் இருக்கிறதா என்று மட்டும் திறந்து பாருங்கள். ராமை ஒட்டி வைத்த மொடலும் அதே பெயரில் வருகிறது, 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் பழைய பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போடக்கூடிய வசதி பெரிய விசயம்.

தம்பி, உங்களுக்கு அது போதாது. நீங்கள் படிப்பது கணினி என்றால் வேர்ச்சுவல் மெசின் (ஒரு கொம்பியூட்டருக்குள் மென்பொருளால் இன்னொன்று) ஓட்டவேண்டி வரும், 16 ஜிபி ராமில் தொடங்கி 32க்குப் போகவேண்டி வரும். என்100க்கு இன்டெல் சொல்லும் உச்சமே 16 ஜிபிதான். டவரே கட்டுங்கள். எந்தச் சொக்கெட் என்று கேட்டால், வருங்காலம் உள்ளதைப் பார்க்காதீர்கள், போர்ட் அதிகமாகக் கிடைப்பதைப் பாருங்கள். யூடியூப்காரர்கள் ஏஎம்5ஐத்தான் சொல்வார்கள், காசு இருந்தால் அதில் பிழை இல்லை. காசு மட்டு என்றால் ஏஎம்4இல் ஒரு ரைசன் 5 5600ஜி போதும், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, டிடிஆர்4 ராம் செகண்ட் ஹான்டில் ஓடித்திரிகிறது. அந்தச் சொக்கெட்டுக்குப் பெரிய புது வரவு இல்லை என்பது உண்மை. ஆனால் நான்கு வருடத்தில் உங்கள் போர்ட் செத்தால் கொழும்பு யூனிட்டி பிளாசாவில் மட்டுமல்ல, திருகோணமலையிலேயே ஒன்று எடுக்கலாம். இன்டெல் விருப்பம் என்றால் எல்ஜிஏ1700க்கும் இதே கதைதான், மூன்று தலைமுறை ஓடிய சொக்கெட் அது. நல்ல யுபிஎஸ் ஒன்றுக்கு இப்போதே காசை ஒதுக்கி வையுங்கள். மழை இடிக்கும்போது நெட்வேர்க் வயரையும் கழற்றிவிடுங்கள், பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது.

ஏஎம்4 எடுத்தால் ஒரு எச்சரிக்கை. அதில் முனைகள் புரொசஸரில்தான் இருக்கும். பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை நேராகத் தூக்கும்போது புரொசஸரும் சொக்கெட்டிலிருந்து பிய்ந்து கூடவே வரும், முனைகள் வளையும். பிசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி எடுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5இலும் முனைகள் போர்டில் இருக்கும். புதுப் போர்டோடு வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை எறிந்துவிடாமல் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். உத்தரவாதத்துக்குப் போர்டைக் கொடுக்கும்போது அந்த மூடி இல்லாமல் போனால் வழியில் ஒரு முனை வளைந்தாலும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். கொடுக்க முதல் மூடியைத் திறந்து, சொக்கெட் தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுத்து, கடைக்காரருக்கும் காட்டிவிட்டுக் கொடுங்கள்.